சுவரில் நின்ற தையல்காரி

இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்த பந்தயக் காரை, ஒரு தையல்காரியைத் தூக்கிக் காட்டி நிறுத்தியவன் நான். நம்பாதவர்கள் என் வலது தோளைப் பார்க்கலாம். இடது தோளைவிட ஒரு சாண் கீழே இறங்கி நிற்கும். அது கல்யாணத்தன்றே அப்படித்தான் இருந்தது என்பாள் என் மனைவி. அவள் பேச்சை விடுங்கள்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் சொன்ன பொய்களைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி நின்றேன். இப்போது என் முறை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் கூட்டிச் சொல்வது கொஞ்சம்தான். ரொம்பக் கொஞ்சம்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. கீழே பட்டறை, மேலே குடித்தனம். பட்டறையின் ஒரு பாதியில் புருஷன் கார்களின் கியர்ப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். தெருவே அவரை 'கியர்' என்றுதான் கூப்பிடும். மறு பாதியில் அவர் மனைவி கார் சீட்டுக்கு உறை தைப்பாள். நடுவில் ஒரு மஞ்சள் கோடு. ஒரு சொட்டு எண்ணெய் கோட்டைத் தாண்டித் துணிப் பக்கம் வந்துவிட்டால் அன்றைக்கு மாடியில் அடுப்பு எரியாது; கியர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். குடிவந்த அன்றே அந்தம்மாள் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டதால் கியர் எனக்கு மச்சானாகிவிட்டார். அவர்கள் மகள் என்னை மாமா என்பாள். இருபத்து நாலு வயதாகியும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

பாப்பாதான் கார் ஓட்டுகிறவள். எங்கோ நசுங்கிப்போய் எடைக்குப் போட இருந்த ஒரு வேகக் காரைக் கொண்டுவந்து அப்பனும் மகளும் சேர்ந்து உயிர் கொடுத்திருந்தார்கள். அதை ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அலமாரியிலிருந்து இறங்கித் தெருமுனைவரை நடந்து போய்விட்டுத் திரும்பி வரும்.

அந்தக் குடும்பத்துக்குப் பயம் மூன்று விதமாகப் பங்கு போயிருந்தது. கியருக்கு வாயில் பயம். பாப்பா பந்தயத் தடத்தில் ஓட்டும்போது காதில் மாட்டிய கருவி வழியே "மெதுவா, மெதுவா" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். அவள் ஒரு நாள் கடுப்பாகி ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் ஒரு கரும்பலகை செய்தார். 'உள்ளே வா' என்று சாக்கட்டியால் பெரிதாக எழுதிச் சுவரோரம் நின்று காட்டுவார். ஒரு மேகம் வந்தால் காட்டுவார். பக்கத்துக் கார் இருமினால் காட்டுவார். பாப்பா பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அம்மாவுக்குக் கண்ணில் பயம். மகள் ஓட்டுவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மைதானத்துக்கு வருவாள், வேனுக்குள் தடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் உறைத் துணியை வைத்துக் கையால் தைத்துக்கொண்டே இருப்பாள். சத்தம் நெருங்கும்போது ஊசி நிற்கும். சத்தம் கடந்து போனதும் ஊசி நகரும்.

பாப்பாவுக்குப் பயமே கிடையாது. அவள் பங்கையும் சேர்த்து அவர்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் சொல்லவந்த நாளில் மைதானத்துக்கு ஒரு டீம்காரர் வந்திருந்தார். பெரிய டீம். அவர்களுக்கு ஓட்ட ஒரு ஆள் வேண்டும். ஐந்தாறு பேரை ஓடவிட்டுப் பார்த்து ஒருவரை எடுப்பார். பாப்பாவுக்கு இது கிடைத்தால் பட்டறையின் மூலையில் நட்டு பொறுக்க வேண்டாம். வாழ்க்கை முழுக்க ஸ்டீயரிங்தான். வேனில் நானும் ஏறிக்கொண்டேன். மச்சானுக்குத் தைரியம் சொல்லத்தான் போனேன். வேகவைத்த முட்டையும் ரொட்டியும் கட்டியிருந்தார்கள் என்பது தற்செயல்.

அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. தடத்தின் தார் பாகு மாதிரி இளகிக் கிடந்தது. ஒரு காக்கை உட்கார்ந்து எழுந்தபோது காலை விட்டுவிட்டுப் பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். கார்கள் நிறுத்துகிற கொட்டகையில் தகரக் கூரை. அடியில் நின்றால் மண்டை வேகும். மார்பளவு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நேர்த்தடம்.

பாப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, இன்னிக்கு மட்டும் பலகையைத் தூக்காத. டீம்காரர் பாக்குறாரு. மானம் போயிடும்."

"நான் எதுக்கும்மா தூக்கப்போறேன்?"

"மேகம் வந்தாலும்?"

"மேகமே இல்லியே."

"மாமா, இவரக் கொஞ்சம் கட்டிப் போட்டு வைங்க."

"கயிறு கொண்டாந்திருக்கேன், நீ போ," என்றேன்.

அவள் போனாள். வேனுக்குள் ஊசி நின்றது.

முதல் சில சுற்று நன்றாகத்தான் போனது. டீம்காரர் கையில் ஸ்டாப் வாட்ச். ஒவ்வொரு தடவையும் பாப்பா கடக்கும்போது அவர் புருவம் ஒரு நூல் மேலே ஏறியது. கியர் ஒரு மேஜை மேல் சின்னத் திரை வைத்திருந்தார். கியர்ப்பெட்டிக்குள் இருக்கிற எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது காரிலிருந்து அதற்கு வந்துகொண்டிருக்கும். சூடான எண்ணெய் ஒரு குழாய் வழியாகக் காரின் மூக்குக்கு வரும். அங்கே கூலர் என்று ஒன்று, மெல்லிய தகடுகளால் ஆனது. எதிர்க்காற்று பட்டு எண்ணெய் ஆறித் திரும்பிப் போகும். மச்சான் எனக்கு இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்; ஆயிரத்தோராவது தடவை அன்றைக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்ன மச்சான்?"

"ஏறுது."

"வெயிலு. எனக்கும்தான் ஏறுது."

"இல்ல மச்சான். நூத்திப் பத்துல நிக்கணும். நூத்தி இருவத்தஞ்சக் காட்டுது. எறங்கவே மாட்டேங்குது."

கார் எங்களைக் கடந்து போனது. அது போனபின் ஒரு வாசனை வந்தது. மீன் வறுத்த எண்ணெயை மறந்துபோய் அடுப்பிலேயே விட்டால் வருமே, அந்த மாதிரி. மச்சான் மூக்கை உறிஞ்சினார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. அவர் சும்மாவே பயப்படுகிறவர்தான், ஆனால் சும்மா பயப்படும்போது நிறையப் பேசுவார். அன்றைக்குப் பேச்சே வரவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லுய்யா, என்ன ஆகும்?"

"எண்ணெய் பொங்கும். கியர்ப்பெட்டி மேல மூச்சு விடுறதுக்கு ஒரு சின்னத் துளை இருக்கு. அது வழியா வெளிய கக்கும். பக்கத்துலயே புகைக் குழாய் பழுத்துக் கெடக்கு."

"கக்கினா?"

அவர் என்னைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியில்தான் அந்தக் கியர்ப்பெட்டி என்பது எனக்கும் தெரியும்.

"கொடி காட்டச் சொல்லுய்யா!"

"கொடி காட்டி வெளிய எடுத்தா டீம்காரர் அவளத் திரும்பிப் பாப்பாரா? இன்னிக்கோட முடிஞ்சுது. பலகையத் தூக்குறேன். அவளா வந்தா தப்பில்ல."

"பலகையத்தான் அவ பாக்குறதில்லையே!"

அவர் காதில் எதுவும் விழவில்லை. சாக்கட்டியால் எழுதினார். அழுத்திய வேகத்தில் சாக்கட்டி மூன்று தடவை உடைந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு, கார்கள் உள்ளே திரும்பும் முனையை நோக்கி ஓடினார். அங்கே நின்றால் கண்ணில் படும் என்று நினைப்பு. நான் கொடிக்காரரிடம் ஓடினேன். ஓடினேன் என்றால், அந்த ஓட்டத்தோடு போட்டி போட்டிருந்தால் பாப்பாவின் காருக்கே இரண்டாம் இடம்தான் கிடைத்திருக்கும்.

"சார், அந்தக் கார் தீப்பிடிக்கப்போகுது! கொடி காட்டுங்க!"

கொடிக்காரர் நிதானமான மனுஷன். "புகை எங்க?"

"வரும் சார்!"

"வந்ததும் காட்டுறேன். நீங்க சொன்னீங்கன்னு நான் காட்ட முடியாது. கன்ட்ரோல் கோபுரத்துலேருந்து சொல்லணும்."

"அப்ப கோபுரத்துக்குச் சொல்லுங்க!"

அவர் வாக்கிடாக்கியை எடுத்துப் பேசினார். அது கரகரத்தது. எந்தக் கார், என்ன நம்பர், யார் கேட்கிறார்கள் என்று கேட்டது. நான் திரும்பி ஓடிவந்தேன். திரை நூற்று முப்பத்தெட்டு காட்டியது. கார் கடந்தது. பலகை தூரத்தில் ஆடியது. கார் நிற்கவில்லை. ஆனால் அதன் வயிற்றுக்கடியிலிருந்து நூல் மாதிரி ஏதோ வெளுப்பாக இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். யாரிடமாவது கத்த வேண்டியிருந்தது. "தங்கச்சி! கியர் எண்ணெய் சூடாகுதாம்! கூலர் வேலையே செய்யலியாம்! மூக்குல காத்தே போகாத மாதிரி ஏறுதாம்!"

அவள் தலை நிமிர்ந்தாள். ஊசி விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் உறைத் துணியில் விழுந்தது. ஒரு பொட்டு எண்ணெய்க்கு அடுப்பை அணைக்கிறவள், அதை அவள் பார்க்கவே இல்லை.

"அண்ணே," என்றாள். "மூக்க நான்தான் மூடினேன்."

"என்ன சொல்ற?"

"போன தடவ ஒரு கல்லு வந்து கூலர்ல ஓட்ட போட்டுச்சுல்ல? அத நெனச்சு எனக்குத் தூக்கமே வரல. வல மாதிரி ஒரு துணி இருந்துச்சு. ரெண்டு மடிப்பா மடிச்சு, காத்து போற வாய்க்குப் பொருத்தித் தச்சேன். காலையில யாரும் பாக்காதப்ப கட்டிட்டேன். நைலான் நூலு. கருப்புத் துணி, அதான் கண்ணுக்கே தெரியல. பாப்பா திட்டுவான்னு சொல்லல அண்ணே. கல்லு உள்ள போகக்கூடாதுன்னுதான்..."

அவள் தையல் எனக்குத் தெரியும். அவள் தைத்த சீட்டில் பேனா முனை நுழையாது. இரண்டு மடிப்பு வலைக்குள் காற்று எங்கே நுழையும்?

"அவ வரமாட்டா அண்ணே. அப்பா கூப்பிட்டா வரமாட்டா."

"யார் கூப்பிட்டா வருவா?"

அவள் வேனைவிட்டு இறங்கினாள். மடியிலிருந்த துணி காலில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே நடந்தாள். ஸ்டூலில் ஏறி மின்விளக்கு மாற்றவே பயப்படுகிறவள், அந்தச் சிமெண்ட் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி ஏறப் பார்த்தாள். முடியவில்லை. சறுக்கினாள். முழங்கை சிராய்த்தது. காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

தூரத்தில் கார் கடைசி வளைவைத் திரும்பும் சத்தம்.

நான் குனிந்தேன். அவள் என் வலது தோளில் கால் வைத்தாள். இந்த இடத்தில் நான் பொய் சொல்லமாட்டேன்: அந்தம்மாளின் எடை ஒரு ரயில் பெட்டி. காலியான பெட்டி இல்லை, விடுமுறைக் கூட்டம் ஏறிய பெட்டி. கண்ணில் நட்சத்திரம் பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். பாரம் தோளிலிருந்து போனது. அண்ணாந்து பார்த்தால், அவள் சுவர் மேல் நிற்கிறாள். கை காட்டவில்லை. கூப்பிடவில்லை. நேரே தடத்தைப் பார்த்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள். அவ்வளவுதான். கால் மட்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டேன்.

கார் கடந்தது. காற்று அவளைப் பின்னால் தள்ளியது.

"பாத்தாளா?" என்றேன்.

"தெரியலியே அண்ணே. தெரியலியே."

உள்ளே வரும் வழியை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. வருவதென்றால் இன்னொரு சுற்று முழுக்கச் சுற்றித்தான் வரவேண்டும். காவல்காரர் திட்டிக்கொண்டே அவளை இறக்கப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

அப்போது சத்தம் நின்றது.

காரின் அலறல் தடத்தின் அந்தக் கோடியில் எப்போதும் கேட்கும். அது கேட்கவில்லை. மற்றக் கார்கள் வந்தன. ஒன்று. இன்னொன்று. நம்முடையது வரவில்லை. டீம்காரர் வாட்சைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். பின்னால் தீயணைக்கிற வண்டி எஞ்சினை முடுக்கும் சத்தம். என் கையில் இருந்த கணுக்கால் இரண்டும் ஐஸ் மாதிரி ஆகிவிட்டன, அந்த வெயிலில்.

"அண்ணே, எனக்குப் பாக்க முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"நீயே பாரும்மா. பாத்துக்கிட்டே இரு."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. எனக்கும் பார்க்கத் தைரியமில்லை, அதுதான் உண்மை. என் கண் சிமெண்டில் ஊர்ந்த ஒரு எறும்பின் மேல் இருந்தது.

"வருது," என்றாள்.

வந்தது. மாட்டு வண்டி வேகத்தில் வந்தது. மேல் கியரில் போட்டு, எஞ்சினை முனகவிட்டு, எண்ணெயை ஆறவைத்துக்கொண்டே அந்தப் பெண் முழுச் சுற்றையும் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கொட்டகைக்குள் நுழையும்போது அடிவயிற்றிலிருந்து புகை. நின்றதும் புகைக்குள் ஒரு ஆரஞ்சு நாக்கு எட்டிப் பார்த்தது.

எங்கிருந்து வந்தாரோ கியர், பலகையை வீசிவிட்டுத் தீயணைப்பானோடு தரையில் படுத்தார். புஸ்ஸென்று வெள்ளைப் பொடி. நாக்கு உள்ளே போனது. பாப்பா சாவியில் கை வைத்தாள்.

"ஆஃப் பண்ணாத!" என்று படுத்தபடியே கத்தினார். "எஞ்சின் ஓடட்டும்! பம்பு நின்னா எண்ணெய் நின்ன எடத்துலயே வெந்துரும்! நியூட்ரல்ல விட்டுட்டு நீ எறங்கி ஓடு!"

அவள் இறங்கினாள். ஓடவில்லை. யாரோ ஒரு ஆள் வாளித் தண்ணீரோடு வந்தார், "ஊத்தினா பெட்டி வெடிச்சுப் பொளந்துரும்யா!" என்று கியர் அவர் காலைப் பிடித்து இழுத்தார். அந்தக் கலவரத்தில் அம்மா சுவரிலிருந்து எப்படி இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. காரின் மூக்குக்கு முன் மண்டியிட்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்து, நைலான் நூலை ஒவ்வொரு கட்டாக வெட்டினாள். கருப்பு வலை கையோடு வந்தது. உள்ளே கூலரின் அனல் அவள் முகத்தில் அடித்தது. ஒரு பெரிய மின்விசிறியை இழுத்துவந்து மூக்குக்கு நேரே வைத்தோம்.

பிறகு எல்லோரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றோம். நூற்று நாற்பத்தொன்று. அங்கேயே நின்றது. நூற்று நாற்பது. மறுபடி நாற்பத்தொன்று. மச்சான் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் நசுங்கியது. நூற்று முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. அதன்பிறகு விறுவிறுவென்று இறங்கியது. அப்போதுதான் பாப்பா அம்மா கையிலிருந்த வலையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். வலையை வாங்கி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

டீம்காரர் வேறு ஒரு பையனை எடுத்தார். முட்டையும் ரொட்டியும் அப்படியே வீடு திரும்பின.

அதற்குப் பிறகுதான் வம்பு. கதையை நான் தெருவில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அது பழக்கம்தான். ஆனால் கியரும் சேர்ந்து சிரித்தார். அவர் அந்த முனையில் நின்றவர். சுவரில் நடந்ததைப் பார்க்கவே இல்லை.

"என் பொண்டாட்டி சுவத்துல ஏறினாளாம்! கேட்டுக்கங்கய்யா. கட்டிலு உசரமா இருக்குன்னு தரையில படுக்கிறவ. மச்சான், அளந்து விடுங்க, வேணாங்கல. ஆனா பாப்பா வந்தது என் பலகையப் பாத்து."

"தங்கச்சி, சொல்லும்மா!"

"எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லண்ணே," என்று அவள் தையல் மிஷினை மிதித்தாள். சுவரை நினைத்தாலே அவளுக்குக் கால் ஆடியது.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கைந்து பேர். கியர் பலகைப் புராணத்தை ஆரம்பித்தார்: எப்படித் தூக்கினார், மகள் எப்படித் தலையசைத்தாள். காருக்கு அடியில் படுத்திருந்த பாப்பா உருண்டு வெளியே வந்தாள்.

"அப்பா, அன்னிக்குப் பலகையில ஒன்னுமே எழுதலியே."

"யாரு எழுதல? சாக்பீஸ் ஒடைய ஒடைய எழுதினேன்!"

"வெறும் பலகையத்தான் நான் பாத்தேன். எதுக்கு அப்பா வெறும் பலகையத் தூக்கிட்டு நிக்குறாருன்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

மிஷின் நின்றது. அம்மா எழுந்து மாடிக்குப் போனாள். பந்தயத்தன்று கியர் போட்டிருந்த சட்டையோடு இறங்கி வந்தாள். துவைக்காமல் அழுக்குக் கூடையின் அடியில் கிடந்த சட்டை. அதன் மார்பில் வெள்ளை வெள்ளையாகச் சாக்கட்டிப் பொடி அப்பிக்கிடந்தது. எழுத்து, திருப்பிப் போட்ட எழுத்து. கண்ணாடியில் காட்டினால் 'உள்ளே வா' என்று படித்துவிடலாம்.

மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயத்தில், எழுதின பக்கத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பலகையின் வெறும் பின்பக்கத்தைத் தடத்துக்குக் காட்டியிருக்கிறார் மனுஷன்.

யாரோ சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை.

"எழுதியிருந்தாலும் வந்திருக்க மாட்டேம்ப்பா. காருக்குள்ள சூட்டு விளக்கு எரிஞ்சுச்சு, வாசனையும் வந்துச்சு. இன்னும் ரெண்டு சுத்துதானே, ஓட்டிரலாம்னுதான் இருந்தேன். சுவத்துல அம்மா நின்னாங்க. கண்ண முழிச்சு என்னையே பாத்துக்கிட்டு. அம்மா பாக்குறாங்கன்னா, ஏதோ சாவு மாதிரி ஒன்னு வந்திருச்சுன்னு கால் தானா பெடல்லேருந்து எந்திரிச்சிருச்சு."

கியர் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். டீ ஆறிப்போனது. கடைக்காரர் ஒருவர் மெதுவாக, "அப்ப இந்தப் பெருசு சொன்னது..." என்று இழுத்தார்.

கியர் மனைவியைப் பார்த்தார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய்க் கையோடு கோட்டைத் தாண்டிப்போய் அவள் பக்கத்தில் நின்றார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், விரட்டவில்லை.

"சிரிக்காதீங்கய்யா," என்றார் எங்களைப் பார்த்து. "ஏறியிருக்கா. மச்சான்தான் தூக்கிவிட்டிருக்காரு. நடந்துச்சு."